பதினைந்தாவது கூம்பு

தெருவைத் தோண்டிப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. குழாய் பதிக்க வந்தவர்கள் பதித்துவிட்டார்கள். அதைச் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டிய அதிகாரி மட்டும் வந்தபாடில்லை. அவர் வந்து தலையாட்டினால்தான் பள்ளத்தை மூடலாம், ஜல்லி கொட்டலாம், தார் ஊற்றலாம். அதுவரை ரோடு ரோலர் தெருமுனையில் தூங்கியது. அதன் நிழலில் அதை ஓட்டுகிறவரும் தூங்கினார். வேலை என்று ஒன்று இருந்தது மேற்பார்வையாளருக்கு மட்டும்தான். அவர் கூம்புகளை எண்ணினார்.

பள்ளத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த ஆரஞ்சு நிறக் கூம்புகள் பதினான்கு. இதற்கு முன் வேலை பார்த்த தெருவில் மூன்று காணாமல் போய், ஆபீஸில் அவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அதனால் இங்கே காலை ஒன்பதுக்கு ஒரு தரம், மாலை ஐந்துக்கு ஒரு தரம், காதில் செருகிய பேனாவை எடுத்து நீட்டி, வாய்விட்டு எண்ணுவார். கடைசியில் "பதினாலு. சரி" என்று பேனாவைக் காதில் திரும்பச் செருகுவார். இரண்டாம் நாளே தெரு அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. "பதினாலு சார் வந்தாச்சா?" "பதினாலு சார் சாப்பிடப் போயிருக்கார்." அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

தையல்காரிக்கு இதெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். அவளுடைய மிஷின் முன்னறையில், ஜன்னலை ஒட்டி இருந்தது. ஒரு நாள் மாலை எண்ணிக்கை முடிந்ததும் எதிரே சைக்கிள் கடைக்காரர், "சார், ஒண்ணு விட்டுட்டீங்க. உங்களையும் சேத்து எண்ணுங்க, அதே ஆரஞ்சு சட்டை, உச்சியில தொப்பி ஒண்ணுதான் வித்தியாசம்" என்றார். தெருவே சிரித்தது. எதிர்வீட்டு டீச்சர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். தையல்காரிக்கும் சிரிப்பு வந்தது. நன்றாகக் கேட்கலாம் என்று ஜன்னலை விரியத் திறந்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். டீச்சர் பையை எடுத்துக்கொண்டாள். சைக்கிள் கடைக்காரர் ஒரு டயரை இல்லாத பஞ்சருக்காக உருட்டிப் பார்த்தார். "சாப்பிட்டீங்களாக்கா?" என்று டீச்சர் கேட்டாள், ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலோரம் பேசுகிற குரலில்.

எட்டு மாதமாக இப்படித்தான். கணவர் இறந்துபோன நாளிலிருந்து தெரு அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. முதல் மாதம் அது வேண்டியிருந்தது. இரண்டாம் மாதம் தாங்கிக்கொண்டாள். எட்டாவது மாதம் மூச்சு முட்டியது.

அவர் பஸ் ஓட்டுநர். வேலையில் எவ்வளவு ஒழுங்கோ வீட்டுக்கு வந்தால் அவ்வளவு குறும்பு. ஒரு தடவை சைக்கிள் கடையில் ஒரு மணியை வாங்கி டீச்சர் வீட்டு நாற்காலி மெத்தைக்குள் வைத்துவிட்டார். டீச்சர் உட்காரும்போதெல்லாம் 'டிரிங்' என்றது. எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி 'டிரிங்'. விஷயம் தெரிந்ததும் டீச்சர் நேரே இங்கே வந்து, "ஏய் ஊசி! ஒன் வீட்டுக்காரர வெச்சுக்கிட்டு எப்படிடி குடும்பம் நடத்துற?" என்று கத்தினாள். ஊசி என்பது அவர் வைத்த பெயர்தான். தெரு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. அவர் போன பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் 'அக்கா' ஆகிவிட்டாள், அவளைவிட ஒரு வயது மூத்த டீச்சருக்கும்கூட.

டீச்சர் முன்பெல்லாம் சண்டைக்காரி. இரண்டு பையன்களின் பள்ளிச் சீருடையும் இங்கேதான் தைப்பது. சொன்ன தேதிக்கு ஒரு நாள் தள்ளினால் வாசலில் நின்று மானத்தை வாங்குவாள். போன மாதம் தையல்காரி வேண்டுமென்றே இரண்டு வாரம் தாமதித்துப் பார்த்தாள். "பரவால்லக்கா, நிதானமா தைங்க" என்றாள் டீச்சர். சரி என்று சின்னவன் சட்டையில் ஒரு கையை மற்றதைவிட அரை விரல் குட்டையாகத் தைத்துக் கொடுத்தாள். டீச்சர் அதை விரித்துப் பார்த்தாள். பார்த்தது நன்றாகத் தெரிந்தது. "வெயில் காலம்தானேக்கா, காத்தோட்டமா இருக்கும்" என்றாள்.

ஜன்னலைத் திறந்து சிரிப்பு நின்ற அன்று இரவுச் சாப்பாடு தையல்காரிக்கு இறங்கவில்லை. இனி ஆயுசுக்கும் இப்படித்தானா? யாரும் திட்ட மாட்டார்களா? அவர் போனது போதாதென்று அவளையும் சேர்த்தா அனுப்பிவிட்டார்கள்?

*

ஆரஞ்சுத் துணி பீரோவுக்கு மேலே இருந்தது. ஒரு முழுச் சுருள். ஏதோ கிடங்கை மூடுகிறார்கள் என்று அவர் தோளில் சுமந்துகொண்டு வந்தது. கெட்டித் துணி, கண்ணைக் குத்துகிற நிறம். "இத யாரு போடுவா? போட்டுக்கிட்டு எங்க போவா?" என்று அவள் ஒரு வாரம் சண்டை போட்டாள். "இரு, ஒரு நாள் தேவைப்படும்" என்றார். ஐந்து வருடமாகப் பல்லியைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் திரும்பி ஜன்னல் வழியாகக் கூம்புகளைப் பார்த்தாள். மறுபடி துணியைப் பார்த்தாள். அவர் மட்டும் இருந்திருந்தால் இரண்டு கூம்பை ஒளித்து வைத்திருப்பார். அது எல்லாருக்கும் தோன்றுவது. குறைந்தால் அந்த மனிதருக்கு வேலையே போய்விடும். கூடினால்?

மத்தியானம் ஒரு மணிக்குப் பதினாலு சாரும் ஆட்களும் சாப்பிடப் போனதும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பள்ளத்தோரம் குனிந்து ஒரு கூம்பை அளவெடுத்தாள். உயரம், அடிச்சுற்று, மேல்சுற்று. இடுப்பில்லாத பாவாடை, அவ்வளவுதான். வாடிக்கையாளரிடம் சொல்கிற பழக்கத்தில், "கொஞ்சம் நேரா நில்லுங்க" என்று சொல்லக்கூடச் சொல்லிவிட்டாள்.

வெட்டித் தைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. விறைப்புக்குச் சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸை உள்ளே ஒட்டினாள். வெள்ளைப் பட்டைக்குப் பழைய திரையின் ஓரம். அடியில் சதுரமாக உட்கார, கிழிந்த நாற்காலியின் கறுப்பு ரெக்சின், நடுவில் கூம்பின் வாய்க்கு வட்டமாக வெட்டியது. அதன் வெளிவிளிம்பைச் சுற்றிக் குழாய் மாதிரி தைத்து, தெருவில் குவித்திருந்த மணலையே அள்ளி வந்து நிரப்பினாள். நிமிர்த்தி வைத்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே எது எது என்று சந்தேகம் வந்தது. கூம்பை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? அது காட்டுகிற பள்ளத்தைத்தான் பார்க்கிறார்கள்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக மிஷின் மிதிக்கும்போது அவளுக்கு முணுமுணுப்பாக ஒரு பாட்டு வந்திருந்தது. அது நின்ற பிறகுதான் கவனித்தாள்.

*

மறுநாள் மத்தியானம் கூம்பு தெருவுக்குப் போனது. ஐந்து மணிக்குப் பேனா வெளியே வந்தது.

"பன்னெண்டு, பதிமூணு, பதினாலு..." பேனா நின்றது. "பதினஞ்சு?"

திரும்ப ஆரம்பித்தார். இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார். அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார். தொப்பியைக் கழற்றி ஒரு கூம்பின் தலையில் அடையாளத்துக்கு மாட்டிவிட்டு எண்ணினார். பதினைந்து.

"குட்டி போட்டிருக்கும் சார்" என்றார் சைக்கிள் கடைக்காரர். "மண்ணும் தண்ணியுமா எடம் குளுகுளுன்னு இருக்குல்ல."

"வெளையாடாதீங்கண்ணே. ஆபீஸ்ல நான் என்னன்னு சொல்லுவேன்?"

"கொறஞ்சா பயப்படணும். கூடினா என்ன பயம்?" என்றாள் டீச்சர். "என் கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப ஒரு பிள்ள கூட இருந்தா நான் சந்தோஷப்படுவேன்."

"கொறஞ்சா எழுத ஃபாரம் இருக்கு டீச்சரம்மா. கூடினா எழுத ஃபாரமே கெடையாது."

ஜன்னலுக்கு உள்ளே தையல்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்புத் தண்ணீர்தான்.

அடுத்த நாள் பதினாறு. அதற்கடுத்த நாள் அவளுக்குக் கை அரித்தது, இரண்டாக வைத்தாள். பதினெட்டு. பதினாலு சார் ஆபீஸுக்குப் போன் போட்டது தெருமுனை வரை கேட்டது. "சார், கோன் கூடியிருக்கு சார்... இல்ல சார், கூடத்தான்... நாலு சார்... இல்ல சார், நான் குடிக்கிறதே இல்ல சார்."

தெரு முழுக்க இதே பேச்சு. யார் வேலை? டீச்சர் பையன்களைச் சந்தேகப்பட்டார்கள். ரோலர் ஓட்டுகிறவரைச் சந்தேகப்பட்டார்கள். அவர் தூக்கத்தில் நடப்பாரோ என்றுகூட ஒரு பேச்சு வந்தது. சைக்கிள் கடைக்காரரைத்தான் எல்லாரும் கண்ணடித்து விசாரித்தார்கள். தையல்காரி அந்த வழியாக இரண்டு தடவை வேண்டுமென்றே நடந்தாள், டேப் கழுத்தில் தொங்க, புடவையில் ஆரஞ்சு நூல் ஒட்டியிருக்க. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெயில்ல ஏங்க்கா அலையறீங்க" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

அவளுக்கு அது உறைத்தது. குறும்பு செய்தாயிற்று. மாட்டிக்கொள்ள வேண்டாமா? அவர் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டு திட்டு வாங்குவதற்குத்தான் அவ்வளவும் செய்தார் என்பது இப்போது புரிந்தது. கண்டுபிடிக்க ஆளில்லாத குறும்பு, தபாலில் சேர்க்காத கடிதம் மாதிரி வீட்டிலேயே கிடந்தது.

*

நான்காம் நாள் காலை விஷயம் வேறு மாதிரி திரும்பியது. பெரிய ரோட்டில் வேலை பார்க்கும் கூட்டத்தில் நான்கு கூம்புகளைக் காணவில்லையாம். ஆபீஸில் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார்கள். பதினாலு சார் முகம் சிவக்க வந்து இறங்கினார். நேரே சைக்கிள் கடைக்குப் போனார்.

"அண்ணே, சிரிச்சுப் பேசினீங்கன்னு நம்பினேன். பெரிய ரோட்டுல எடுத்து இங்க கொண்டாந்து வெச்சு என் தலைய உருட்டிட்டீங்களே!"

"யோவ், நான் எதுக்குய்யா அங்க போறேன்?"

"இந்தத் தெருவுல இந்த மாதிரி வேல பாக்குறது நீங்கதான்னு அத்தன பேரும் சொல்றாங்க. மணி வெச்சீங்களாமே டீச்சரம்மா நாற்காலியில?"

"மணி என் கடையில வாங்கினது. வெச்சது..." அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கண் தையல்காரியின் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது.

"ஆபீஸ்ல எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. நான் உங்க பேரைத்தான் எழுதணும். வேற வழியில்ல."

சைக்கிள் கடைக்காரரின் முகம் விழுந்துவிட்டது. இறந்துபோன நண்பனின் பெயரைச் சொல்லக்கூடாது என்று வாயை மூடினாரே, அது அவரையே மாட்டிவிட்டது. தையல்காரி பாதித் தையலில் மிஷினை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"அவர் இல்ல. நான்தான் வெச்சேன்."

தெரு அமைதியானது. அவள் எதிர்பார்த்த அமைதி அது இல்லை. பழைய கண்ணாடிப் பாத்திர அமைதி.

"அக்கா, நீங்க உள்ள போங்க" என்றார் சைக்கிள் கடைக்காரர். "எனக்காகப் பழிய ஏத்துக்க வந்தீங்க பாருங்க, அது போதும் எனக்கு."

"பழி இல்லண்ணே. நெஜமா நான்தான். நாலும் நான் தெச்சது."

"தெச்சதா?" பதினாலு சார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி மெல்லத் தலையை ஆட்டினாள், பாவம் என்று.

"தொட்டுப் பாருங்க, துணி!" தையல்காரி அருகிலிருந்த கூம்பை அழுத்தினாள். விரல் உள்ளே போகவில்லை. சுத்தமான ரப்பர். அடுத்ததை அழுத்தினாள். அதுவும் கல் மாதிரி நின்றது. காலையில் ஆட்கள் எல்லாவற்றையும் அடியில் காலால் தள்ளி இடம் மாற்றியிருந்தார்கள். நான்கு நாள் புழுதியில் பதினெட்டும் ஒரே தாய் பிள்ளைகளாக நின்றன. மூன்றாவதுக்கு அவள் கையை நீட்டுவதற்குள் டீச்சர் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா. வீட்டுக்குப் போலாம். ராத்திரி சரியாத் தூங்கலயா?"

"நல்லாத் தூங்கினேன்! விடு கைய!"

"சரிக்கா, சரிக்கா. நீங்கதான் வெச்சீங்க. வாங்க, தண்ணி குடிப்போம்."

இப்படியே வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடுவார்கள் என்று தெரிந்தது. இனி எது செய்தாலும், எது சொன்னாலும், அது துக்கத்தின் கணக்கில்தான் சேரும். தையல்காரிக்கு அழுகை முட்டியது. அழுதால் இன்னும் மோசம் என்று அடக்கிக்கொண்டு நடந்தாள். பலகை போட்டிருந்த இடத்தில் வழி ஒடுக்கம். டீச்சர் அவளைப் பத்திரமாகக் கடத்த ஒதுங்கியபோது டீச்சரின் கைப்பை ஓரத்தில் நின்ற கூம்பில் இடித்தது.

கூம்பு இடுப்பை வளைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டது.

டீச்சர் நின்றாள். கையை விட்டாள். குனிந்து அதைத் தூக்கினாள். உதறினாள். பிறகு பள்ளிக்கூடத்தில் நோட்டைத் திருப்புகிற மாதிரி அதைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே பார்த்தாள்.

உள்ளே, அடிச்சுற்றில், துணி நான்கு விரல் அகலத்துக்கு மடித்துவிட்டிருந்தது. பிரிக்க வசதியாக நீள நீளமான ஓட்டுத்தையல். டீச்சருக்கு அந்த மடிப்பை நன்றாகத் தெரியும். இரண்டு பையன்களின் எத்தனையோ கால்சட்டைகளில் ஒவ்வொரு வருடமும் அதைப் பிரித்து இறக்கிவிட்டிருக்கிறாள். வளர்கிற பிள்ளைகள் துணிக்கு இந்தத் தையல்காரி மட்டும் விடுகிற மடிப்பு அது. மற்ற கடைகளில் இரண்டு விரலோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தையல்காரியும் அதை அப்போதுதான் பார்த்தாள். தைத்தது தெரியும். மடித்தது தெரியாது. கை அதுபாட்டுக்குச் செய்திருக்கிறது.

டீச்சரின் உதடு துடித்தது. மூக்கு விடைத்தது. எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த முகம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

"ஏண்டி... ஊசி."

டீச்சர் கூம்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது எதுக்குடி நாலு வெரலு மடிச்சு விட்டிருக்க? அடுத்த வருஷம் இது வளருமா? ஆறாங்கிளாஸ் போகுதா இது?"

முதலில் வெடித்தது ரோலர் ஓட்டுகிறவர். அவர் விழித்திருந்ததே யாருக்கும் தெரியாது. அப்புறம் சைக்கிள் கடைக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினாலு சார் ஒவ்வொரு கூம்பாக ஓடி ஓடி அமுக்கிப் பார்த்தார். "துணி! ... இது நம்மது ... இதும் நம்மது ... துணி!" நான்கையும் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணினார். பதினாலு வந்ததும் அவருக்குப் பெரிய ரோட்டைப் பற்றிய கவலையெல்லாம் போய்விட்டது. "அது அவங்க பாடு. எழுதிக் குடுக்க ஒண்ணுமில்லண்ணே, மன்னிச்சிருங்க" என்று சைக்கிள் கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

டீச்சர் நிறுத்தவில்லை. எட்டு மாத பாக்கி அல்லவா? "ஒருத்தன் மணி வெச்சான், அவன் போனா இவ கோன் வெக்கிறா! பாவமேன்னு பாத்தா நாலு நாளா எங்கள முட்டாளாக்கிட்டு ஜன்னல்ல உக்காந்து வேடிக்க பாத்திருக்க! சின்னவன் சட்டையில ஒரு கை ஏறி ஒரு கை எறங்கி இருக்கே, அதும் வேணும்னே பண்ணினதுதானே? சொல்லுடி! அந்தப் பையன் மூணு வாரமா ஒரு பக்கம் தோளத் தூக்கிட்டே ஸ்கூலுக்குப் போறான்!"

"வேணும்னேதான்" என்றாள் தையல்காரி.

"கொழுப்பு! ரெண்டு பேருக்கும் ஒரே கொழுப்பு!" என்று கத்தியவள், சொன்னது உறைத்து ஒரு கணம் தடுமாறினாள். பழைய ஆஸ்பத்திரிக் குரலுக்குப் போக வாய் திறந்தாள்.

"திட்டு டீச்சர், நிறுத்தாத" என்றாள் தையல்காரி அவசரமாக. "அவரையும் சேத்தே திட்டு."

டீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தாள். கண் நிறைந்தது, ஆனால் குரல் குறையவில்லை. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தக் கைய சரி பண்ணிக் குடுக்கல, ஒன் மிஷினத் தூக்கி அந்தப் பள்ளத்துல போட்டு மூடச் சொல்லிடுவேன். ஆமா!"

*

அதிகாரி அன்று மத்தியானம் எப்படியோ வந்து சேர்ந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். அந்த ஒரு தலையாட்டலுக்குத்தான் இத்தனை நாளும்.

மாலை ஐந்து மணிக்குத் தையல்காரி ஜன்னலோரம் சின்னவனின் சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். துணிக்கூம்புகளில் ஒன்றை ரோலர் ஓட்டுகிறவர் கேட்டு வாங்கி வண்டியின் புகைக்குழாய்க்கு மழைத்தொப்பியாக மாட்டியிருந்தார். மற்ற மூன்றும் சைக்கிள் கடை வாசலில் வரிசையாக நின்றன. வெளியே பேனா எழுந்தது.

"பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. சரி."

"பதினஞ்சு!" என்றது சைக்கிள் கடைப் பக்கத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவள் எழுந்தாள். ஒரு நொடி யோசித்தாள். பிறகு ஜன்னலை விரியத் திறந்தாள்.

சிரிப்பு நிற்கவில்லை. எல்லாரும் அவள் பக்கம் திரும்பியே சிரித்தார்கள்.

"என்னடி எட்டிப் பாக்குற?" என்றாள் டீச்சர் எதிர்வீட்டு வாசலிலிருந்து. "போய்ச் சட்டையத் தை!"

தையல்காரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பீரோவுக்கு மேலே ஆரஞ்சுச் சுருள் இன்னும் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். சட்டையை நாளைக்குக் கொடுப்பதாக உத்தேசம் இல்லை. நாளை மறுநாள் கொடுத்தால் போதும்.